கடைக்கு வராத பென்ஸ் கார்கள்: ராமநாதபுரம் கரையில் கேட்கிற கேள்விகள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் டீசல் பம்ப், நோசில் வேலை பார்க்கும் பட்டறை எங்களுடையது. வண்டியை விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டே ஆட்கள் கேட்கிற கேள்விகளில், பார்த்தே இராத கார்களைப் பற்றியவையும் நிறைய. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை, மெர்சிடஸ் பென்ஸ் செய்து காட்டிவிட்டு விற்காமல் விட்ட கார்களைப் பற்றியவை. அவற்றுக்கான பதில்கள் இவை.

விற்காத காரைப் பற்றித் தெரிந்து நமக்கு என்ன அண்ணே ஆகப்போகுது?

நியாயமான கேள்வி. இந்த ஊரில் புது பென்ஸ் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் விற்காத பென்ஸோடு உறவுள்ள வண்டிகள் நம் சாலையில் தினமும் ஓடுகின்றன. ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வருகிற டெம்போ டிராவலர், மீன் ஏற்றிப் போகிற புது லாரி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஒரு கார் ஏன் செத்தது என்று கேட்பதைவிட, அதிலிருந்த சாமான்கள் எங்கே போயின என்று கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாயும்.

கான்செப்ட் கார், புரோட்டோடைப் இரண்டும் ஒன்றா?

இல்லை. கான்செப்ட் கார் கண்காட்சி மேடைக்கு. சிலவற்றில் இன்ஜின்கூட இருக்காது, தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். புரோட்டோடைப் ஓட்டிப் பார்க்கச் செய்தது. சூடாக்கி, குலுக்கி, உடைத்துப் பார்ப்பார்கள். கீழே வருகிறவற்றில் பெரும்பாலானவை நிஜமாகவே ஓடியவை. மேடையோடு நின்றவற்றில் எனக்கு அவ்வளவாக ஈடுபாடு இல்லை.

எல்லாரும் பேசுகிற சி 111 என்பது என்ன?

1969 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய கார். ஆரஞ்சு நிறம், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், கண்ணாடியிழை உடம்பு. இருக்கைக்குப் பின்னால் மூன்று ரோட்டர் கொண்ட ‘வாங்கல்’ எனும் ரோட்டரி இன்ஜின், 280 குதிரைத்திறன். ஆறு மாதம் கழித்து, 1970 மார்ச்சில் ஜெனீவாவில் இரண்டாவது வடிவம் வந்தது. அதில் நான்கு ரோட்டர், 350 குதிரைத்திறன், மணிக்கு 300 கி.மீ. வேகம். அந்தக் காலத்தில் அது பந்தயக் கார்களுக்கு உரிய எண்.

உருவத்தை வரைந்த அணியில் இருந்தவர் புரூனோ சாக்கோ. பிற்பாடு நாம் தெருவில் பார்த்த பல பென்ஸ்களுக்கு முகம் கொடுத்தவரும் அவர்தான். நிறுவனம் தொடக்கம் முதலே இதைச் சோதனை வண்டி என்றுதான் சொன்னது. பார்த்தவர்கள்தான் கேட்கவில்லை. விலை எழுதாத காசோலையை அனுப்பி, தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்கள் இருந்ததாக ஒரு கதை இன்றும் ஓடுகிறது.

ரோட்டரி இன்ஜின் அவ்வளவு நல்லது என்றால் ஏன் விட்டுவிட்டார்கள்?

பாலிடெக்னிக் தம்பிகள் விடாமல் கேட்பது இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கல் இன்ஜினில் மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவத்தில் இடுப்பு சற்று உள்வாங்கிய அறைக்குள் முக்கோண ரோட்டர் சுழலும். சுழலும்போது மூன்று பக்கமும் மாறி மாறி இழுக்கும், அமுக்கும், எரிக்கும், தள்ளும். வால்வு இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. அதிர்வு குறைவு, எடை குறைவு. கேட்க இனிமையாக இருக்கிறது.

தொல்லை முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்கிறது. பிஸ்டனுக்கு ரிங் செய்யும் வேலையை அங்கே மெல்லிய பட்டையான சீல்கள் செய்ய வேண்டும். சுவரோடு உரசிக்கொண்டே, கோணம் மாறிக்கொண்டே ஓட வேண்டும். ரிங்குக்குக் கிடைக்கிற நிலையான இருக்கை அதற்குக் கிடையாது. தேய்ந்தால் கம்பிரஷன் போச்சு.

இன்னொன்று எரிகிற இடத்தின் வடிவம். அது நீளமாக, தட்டையாக, ரோட்டரோடு நகர்ந்துகொண்டே இருக்கும். தீ ஓரம் வரை போய்ச் சேர்வதற்குள் புகை வெளியேறும் வழி திறந்துவிடும், எரியாத பெட்ரோல் புகையோடு வெளியே போகும். புகைச் சட்டங்கள் இறுகிய நேரம் அது. 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. நிறைய குடித்து அழுக்காகப் புகைவிடும் இன்ஜினுக்கு அதைவிட மோசமான காலம் அமையாது. எழுபதுகளின் நடுவில் பென்ஸ் வாங்கல் இன்ஜினைக் கைவிட்டது. ஜப்பானின் மாஸ்டா மட்டும் பிடிவாதமாக நின்று வெற்றியும் கண்டது, அது தனிக் கதை.

அப்புறம் அந்தக் கார் குப்பைக்குப் போனதா?

இங்கேதான் எனக்குக் கதை ருசிக்கிறது. இன்ஜின் இல்லாமல் ஒரு அருமையான வண்டி உட்கார்ந்திருந்தது. அதில் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள்! மெதுவான வண்டி, கிழவர்கள் ஓட்டுவது, டாக்சிக்காரன் சமாச்சாரம் என்று டீசலைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்.

வைத்தது ஓஎம் 617. மூன்று லிட்டர், ஐந்து சிலிண்டர். 1974இல் விற்பனைக் காரில் வந்தபோது சுமார் 80 குதிரைத்திறன்தான். அதற்குக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் மாட்டி 190க்கு ஏற்றினார்கள். 1976 ஜூனில் தெற்கு இத்தாலியில் உள்ள நார்டோ வட்டத் தடத்தில், நான்கு ஓட்டுநர்கள் மாறி மாறி 60 மணி நேரம் ஓட்டினார்கள். சராசரி மணிக்கு 252 கி.மீ. பல உலக சாதனைகள் அந்த ஓட்டத்திலேயே விழுந்தன.

விடவில்லை. 1978இல் உடம்பையே மாற்றி, ஒடுக்கி நீட்டி, மூன்றாவது வடிவம் செய்தார்கள். 230 குதிரைத்திறன், பன்னிரண்டு மணி நேரச் சராசரி 314 கி.மீ. அதே குடும்ப டீசல்தான். 1979 மே மாதம் நான்காவது வடிவம் வந்தது. இம்முறை பெட்ரோல் வி8, 500 குதிரைத்திறன், வால் பக்கம் இரண்டு துடுப்புகள். ஹான்ஸ் லீபோல்ட் என்ற பொறியாளரே ஓட்டி மணிக்கு 403.978 கி.மீ. தொட்டார். தயாரித்தவரே உட்கார்ந்து ஓட்டினார் என்பது எனக்கு எண்ணைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்த டர்போ டீசல் 1978 மாடல் 300 எஸ்டி காரில் அமெரிக்காவில் விற்பனைக்கும் வந்தது. டர்போ டீசல் என்பது காரில் சாதாரணமானது அதற்குப் பிறகுதான்.

டெம்போ டிராவலருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடி ரத்த சம்பந்தம். ஓஎம் 617இன் தம்பி ஓஎம் 616. ஐந்துக்குப் பதில் நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு இரண்டிலும் ஏறத்தாழ 600 சிசி. இந்த 616ஐ உரிமம் வாங்கிப் புனேயில் செய்தது பஜாஜ் டெம்போ, இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ். டிராக்ஸ் ஜீப்பிலும் டிராவலரிலும் போட்டார்கள். டிராவலரின் உடம்பும் பென்ஸ் கொடுத்ததே: 1977இல் ஜெர்மனியில் வந்த டி1 வேன்.

ஆகவே தேவிப்பட்டினத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் பிதுர் காரியம் செய்ய ஆட்களை ஏற்றி வருகிற பழைய டிராவலரின் பானட்டைத் திறந்தால், நார்டோவில் ஓடியதன் நெருங்கிய உறவுக்காரன் உள்ளே இருப்பான். டர்போ இல்லாதவன், ஆனால் சாகாதவன். ஆயில் ஒழுங்காக மாற்றி, நோசிலைக் கவனித்தால் இந்த இன்ஜின் ஆளை விட்டுவிடாது. பட்டறைக்காரன் பேச்சு இது, கொஞ்சம் சார்பு இருக்கும்.

வயதானவர்கள் இன்றும் டாடா லாரியை ‘பென்ஸ் லாரி’ என்பதற்கும் காரணம் உண்டு. 1954 முதல் பதினைந்து ஆண்டுகள் டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டைம்லர் பென்ஸும் கூட்டு வைத்து லாரி செய்தன. முகப்பில் நட்சத்திரம் இருந்தது.

சி 111 உடம்பு ஃபைபர் என்றால், நம்ம உப்புக்காத்துக்குத் தாங்குமே?

பாம்பனில் ஃபைபர் படகு வைத்திருக்கிற ஒரு மாமா கேட்டது. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். இரண்டும் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்ததுதான். மேல் உடம்பு துருப்பிடிக்காது. ஆனால் சி 111இன் தரைச்சட்டம் இரும்பு. தனுஷ்கோடிச் சாலையில் அலைத்துளி தெறிக்கிற நாளில் இரண்டு தடவை போய்வந்து கழுவாமல் விட்டால், மேலே மினுங்கும், அடியில் அரிக்கும். நம் ஊரில் கார் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள். கீழே படுத்துப் பாருங்கள்.

சி 112 என்று ஒன்று துபாயில் இருக்கிறதாக மச்சான் சொல்கிறான். நிஜமா காக்கா?

கீழக்கரைத் தம்பி கேட்டது, அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும்போது இந்த மாதிரிச் செய்தி வராமல் இருக்காது. சி 112 என்பது 1991 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய கார். ஆறு லிட்டர் வி12, 408 குதிரைத்திறன். சுமார் 700 பேர் வாங்கத் தயாராக நின்றும் நிறுவனம் விற்பதில்லை என்று முடிவெடுத்தது. உங்கள் மச்சான் பார்த்தது பெரும்பாலும் வேறு ஏதாவது கதவு தூக்கும் பென்ஸ், எஸ்எல்எஸ் ஆக இருக்கலாம்.

சி 112இல் இருந்த ஒரு சாமான் மட்டும் தப்பியது. திருப்பத்தில் வண்டி சாயாமல் ஹைட்ராலிக் அழுத்தத்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகத் தாங்கும் சஸ்பென்ஷன். 1999இல் சிஎல் கூபேயில் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டியாக அதை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விலை மலிவாக இருக்கும், அந்த ஹைட்ராலிக் வேலை மலிவாக இருக்காது.

கீழக்கரை சந்துக்குள் போகிற மாதிரி பென்ஸ் ஏதாவது செய்தார்களா?

செய்தார்கள். 1981இல் நாஃபா என்ற பெயரில். நீளம் வெறும் இரண்டரை மீட்டர், நம் ஆட்டோ அளவுதான். ஒடுக்கமான இடத்தில் நிறுத்தினாலும் இறங்குவதற்குப் பக்கவாட்டில் நகரும் கதவுகள், ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின். அத்தனை குட்டிக் காரில், பென்ஸ் தானே வைத்துக்கொண்ட விபத்துப் பாதுகாப்பு அளவை அன்றைய நுட்பத்தில் எட்ட முடியவில்லை. அந்த எண்ணம்தான் சுற்றிவளைத்து 1998இல் ஸ்மார்ட் காராக வந்தது.

மீனைப் பார்த்துக் கார் செய்தார்களாமே, அது நம்ம கடல் மீனா?

மண்டபத்துக்காரர்கள் இதைக் கேட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது.

2005 ஜூனில் வாஷிங்டனில் பயோனிக் என்ற காரைக் காட்டினார்கள். முன்மாதிரி பெட்டிமீன். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, கிட்டத்தட்டச் சதுரமான உருவம். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பவளப் பாறைகள் உள்ள இடங்களில் வாழ்வது. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்களே, அந்தப் பாறைகளும் இவனுக்கு வீடுதான்.

பொறியாளர்களைக் கவர்ந்தது ஒரு முரண். கார் என்றால் உள்ளே நாலு பேர் உட்கார வேண்டும், அதனால் பெட்டி போலத்தான் வரும். காற்றைக் கிழிக்க வேண்டுமென்றால் சுறா மாதிரி ஒடுங்க வேண்டும். பெட்டியாகவும் இருந்து நீரையும் லேசாக விலக்குகிற மீன் கிடைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி. அந்த மீனின் உருவத்தைப் பிடித்துக் காற்றுக் குகையில் வைத்தபோது காற்றுத்தடை எண் (குறைந்தால் நல்லது) 0.06 என்று வந்ததாகச் சொன்னார்கள். கால் அளவு கார் மாதிரியில் 0.095. நிஜக் காரில், சக்கரம், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 0.19. நாம் ஓட்டும் சாதாரணக் கார்கள் 0.30ஐச் சுற்றித்தான் இருக்கும். 140 குதிரைத்திறன் டீசல், 100 கி.மீ.க்கு 4.3 லிட்டர்.

தோலுக்கு அடியிலும் மீனைப் பார்த்தார்கள். பெட்டிமீனுக்குச் சாதாரணச் செதில் இல்லை, அறுகோண எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று பூட்டி ஒரு கவசமாக நிற்கும். அதே அறுகோண அமைப்பைக் கதவுத் தகட்டில் பயன்படுத்தியபோது, எடை கூடாமல் விறைப்பு கூடியது. சட்டத்தை வடிவமைக்க எலும்பு வளரும் விதியைக் கணினியில் போட்டார்கள்: பாரம் விழும் இடத்தில் தடிமன், பாரமில்லாத இடத்தில் வெற்றிடம். இரண்டாவது யோசனைதான் நின்றது. இன்று எத்தனையோ நிறுவனங்கள் பாகங்களை அப்படித்தான் வரைகின்றன.

அந்த மீன் ஆராய்ச்சி தப்பு என்று சொல்கிறார்களே சார்?

கல்லூரி விலங்கியல் மாணவி ஒருவர் கேட்டது. பாதி சரி.

2015இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க்கும் கூட்டாளிகளும் பெட்டிமீனை மறுபடி அளந்தார்கள். நீரோட்டம் அந்த உடம்பைத் தானாக நேராக்கி நிறுத்துகிறது என்ற பழைய கருத்து செல்லவில்லை. உண்மை நேர்மாறு: நீர் அதைத் திருப்பிவிடப் பார்க்கிறது. தடையும் மற்ற மீன்களைவிடக் குறைவல்ல, கூடுதல்தான்.

இது மீனுக்குக் குறையா? பாறை இடுக்கில் வாழ்கிறவனுக்கு நேராக வேகமாகப் போவது எதற்கு? நின்ற இடத்தில் திரும்பத் தெரிய வேண்டும். நிலையில்லாத உடம்பு அதற்கு உதவுகிறது, நேராக நிற்கத் துடுப்பும் வாலும் இருக்கின்றன. ஆக, திருப்புவதற்குப் பேர்போன மீனைப் பார்த்து நேராக ஓடும் காரைச் செய்துவிட்டார்கள். காரின் 0.19 பொய்யில்லை. அது காற்றில் வைத்து அளந்த அளவு. மீனுக்குச் சூட்டிய பெருமைதான் அதிகப்படி.

ஆடி மாசம் பாம்பன் பாலத்தில் அப்படிப்பட்ட கார் நிற்குமா?

தெற்கிலிருந்து வீசும் சோழகக் காத்தில் பைக்கோடு பாலம் ஏறியவர் கேட்கிற கேள்வி. பழைய ரயில் பாலம் இருந்த காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள்.

முன்னால் வருகிற காற்றுக்கு வழுக்குகிற உடம்பு, பக்கவாட்டில் வருகிற காற்றுக்கும் வழுக்கும் என்று எண்ண வேண்டாம். பக்கக் காற்றின் உதை எந்தப் புள்ளியில் விழுகிறது, வண்டியின் எடை மையம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. உதை மையத்துக்கு முன்னால் விழுந்தால் மூக்கு திரும்பும். பின்பக்கத்தை உருட்டி ஒடுக்கிய வண்டிகளில் அப்படி நேரும். சி 111இன் நான்காவது வடிவத்துக்குப் பின்னால் துடுப்பு வைத்ததும் நேராக நிறுத்தத்தான். உயரமான வேனோ காரோ, எதுவானாலும் பாலத்தில் வேகத்தைக் குறையுங்கள். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தையும் கவனியுங்கள். காற்றைவிட அது ஆபத்து.

பயோனிக் காரிலிருந்து நமக்கு ஏதாவது வந்ததா?

வந்தது, யூரியா வடிவத்தில். அந்த டீசலின் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க, புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்தார்கள். சூட்டில் அது அம்மோனியாவாகி, வினையூக்கியில் அந்த நச்சை நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றும். லாரியில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த முறைதான், காருக்குச் சுருக்கிக் காட்டினார்கள்.

நம் ஊரில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து பெரிய டீசல் வண்டிகளில் இது சாதாரணம். பங்கில் நீல மூடி டப்பாவில் ‘ஆட்ப்ளூ’ என்று வாங்குகிறீர்களே, அதுதான். 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் கனிமம் நீக்கிய தண்ணீர். வயலுக்குப் போடுகிற யூரியாவைக் குடிதண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு, ‘வண்டி இழுக்கல அண்ணே’ என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் தண்ணீரில் உள்ள உப்பு வினையூக்கியில் படிந்தால் அதன் விலை, மிச்சம் பிடித்த காசைப் போல் பல மடங்கு.

இந்தக் கார்களில் ஒன்றையாவது காசு கொடுத்து வாங்க முடியுமா?

முடியாது. நிறுவனம் வைத்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் சி 111ஐப் பார்க்கலாம்.

இப்போது இதுபோல ஏதும் செய்கிறார்களா?

2022இல் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற மின்கார். காற்றுத்தடை 0.17. ஒரே சார்ஜில் ஜெர்மனியிலிருந்து தெற்கு பிரான்ஸ் வரை 1,008 கி.மீ. ஓடிக் காட்டியது. ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போய், திரும்புகிற வழியில் சிவகங்கைப் பக்கம் வந்துவிடலாம். அதுவும் விற்பனைக்கு இல்லை. பின்பக்கத் தரைப் பாகத்தை எலும்பு விதிப்படி, பாரமில்லாத இடங்களில் துளை விட்டு வார்த்திருக்கிறார்கள். பயோனிக்கில் பார்த்தோமே, அதேதான்.

பெட்டிமீன் வலையில் மாட்டினால் என்ன செய்ய?

காருக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, ஆனால் கேட்டவர் கடலுக்குப் போகிறவர். மிரண்டால் அது தோலிலிருந்து நஞ்சைக் கசியவிடும். மற்ற மீன்கள் உயிரோடு இருக்கும் தொட்டியில் போட்டால் அவையும் சாகும், சின்ன இடமென்றால் அதுவே சாகும். சமைக்கவும் வேண்டாம். உயிரோடு இருந்தால் வலையிலிருந்து பிரித்து உடனே கடலில் விட்டுவிடுங்கள், கையைக் கழுவிவிட்டு மற்ற மீனைத் தொடுங்கள்.